கண்ணாடிக்கு எத்தனை டிகிரி?

“அடித்தளத்தின் வெப்பநிலை 450 டிகிரி செல்சியஸ்.” ஒளியையும் விட்டு மின்சாரத்தையும் கடத்துகிற ஆக்சைடுப் படலங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை எதை எடுத்தாலும் இப்படி ஒரு வரி இருக்கும். அதை நம்பி அதே கரைசல், அதே நேரம், அதே 450 என்று செய்து பார்க்கும் மாணவருக்குப் படலம் வெளுத்துப்போய், விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். கட்டுரை பொய் சொல்லவில்லை, மாணவரும் தப்புச் செய்யவில்லை. அந்த 450 எங்கே அளந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். சூடேற்றும் தகட்டுக்குள் செருகிய தெர்மோகப்பிள் காட்டியதா, கண்ணாடியின் மேல்முகத்தில் அளந்ததா? தெளிப்பதற்கு முன்பா, தெளித்துக்கொண்டிருக்கும்போதா? ஒவ்வொன்றும் வேறு வேறு எண். வித்தியாசம் சில நேரம் 50 டிகிரியைக்கூடத் தாண்டும். படலத்துக்கோ அதன் காலடியில் இருக்கும் கண்ணாடி முகத்தின் சூடு மட்டும்தான் தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் கெங்கவல்லி. ஆத்தூரிலும் சேலத்திலும் இயற்பியல் படித்து, ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது கையில் கிடைத்தது இந்த வேலை. ஃப்ளூரின் கலந்த வெள்ளீய ஆக்சைடுப் படலத்தைத் தெளிப்பு முறையில் கண்ணாடி மேல் போடுவது. ஸ்ப்ரே பைராலிசிஸ் என்று வகுப்பில் சொல்வோம், லேபில் வெறும் ‘ஸ்ப்ரே’தான். இன்று மாணவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். ஊர்க்காரர்கள் “அங்கே என்னதான் பண்றீங்க?” என்று கேட்டால் முன்பு விளக்கச் சிரமமாக இருக்கும். இப்போது செல்போனைக் காட்டினால் போதும். விரல் வைத்ததும் வேலை செய்கிற அந்தத் திரையில், கண்ணுக்குத் தெரியாமல், மின்சாரம் கடத்தும் பூச்சு ஒன்று இருக்கிறது.

கண்ணாடி ஒளியை விடும், மின்சாரத்தை விடாது. செம்பு மின்சாரத்தை விடும், ஒளியை விடாது. இரண்டும் ஒரே பொருளில் சேர வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, அந்தப் பொருளின் ஆற்றல் இடைவெளி 3.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது விழுங்காது. வெள்ளீய ஆக்சைடுக்கு இது சுமார் 3.6. இரண்டாவது, ஒரு கன சென்டிமீட்டருக்கு 10-இன் அடுக்கு 20 என்ற அளவிலாவது எலக்ட்ரான்கள் ஓடித் திரிய வேண்டும். சுத்தமான வெள்ளீய ஆக்சைடில் அத்தனை இருக்காது. ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு ஃப்ளூரினை உட்கார வைத்தால் அது ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகக் கொடுக்கும். இந்தத் துறைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. ஜெர்மனியில் கார்ல் பேடெக்கர் 1907இல் காட்மியம் படலத்தைக் காற்றில் சூடாக்கி ஆக்சைடாக்கியபோது, அது ஒளியையும் விட்டது, மின்சாரத்தையும் கடத்தியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத்தின் முன்கண்ணாடியில் பனி பிடிக்காமல் சூடேற்ற வெள்ளீய ஆக்சைடுப் பூச்சு பயன்பட்டது. இந்தியாவில் இந்தத் துறைக்கு வருகிறவர்கள் பலருக்கும் முதலில் கையில் கொடுக்கப்படுவது, டெல்லி ஐஐடியிலிருந்து சோப்ரா, மேஜர், பாண்டியா மூவரும் 1983இல் ‘தின் சாலிட் ஃபிலிம்ஸ்’ இதழில் எழுதிய மதிப்பாய்வு. நானும் அதன் ஜெராக்ஸ் பிரதியில்தான் தொடங்கினேன். ஓரங்களில் பென்சிலில் எழுதி எழுதித் தாள் நைந்துவிட்டது.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஸ்டானஸ் குளோரைடு என்ற வெள்ளீய உப்பை அடர்த்தியான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, 90 டிகிரி வாக்கில் சூடாக்கித் தெளிய வைத்து, மெத்தனாலில் கரைப்போம். அமோனியம் ஃப்ளூரைடைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து அதோடு சேர்ப்போம். அமோனியம் ஃப்ளூரைடு கரைசலைக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்கக் கூடாது, கண்ணாடியையே அரித்துவிடும். கையில் பட்டாலும் ஆபத்து. உறையில்லாமல் தொட என் மாணவர்கள் யாரையும் விடுவதில்லை. கழுவி உலர்த்திய கண்ணாடிச் சில்லைச் சூடான தகட்டின் மேல் வைத்து, அரை மணியாவது விட்டு, சுமார் ஓரடி உயரத்திலிருந்து காற்றழுத்தத்தில் கரைசலைத் தெளிக்க வேண்டும். சில நொடி தெளிப்பு, பிறகு நிறுத்தம். மறுபடி தெளிப்பு, மறுபடி நிறுத்தம். ஒவ்வொரு தெளிப்பிலும் வெள்ளைப் புகை எழும். குளோரைடு தண்ணீரோடு சேர்ந்து ஆக்சைடாக மாறும்போது வெளியேறும் அமில ஆவி அது. ஸ்ப்ரே லேபை அடையாளம் கண்டுபிடிக்க பெயர்ப்பலகை வேண்டாம், ஜன்னல் கம்பியின் துருவைப் பார்த்தால் போதும். நான் வேலை செய்த ஓரிடத்தில் புகைபோக்கிக் கூண்டு வருவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தெளித்தோம். அப்படி எந்த மாணவரும் இனி செய்யக் கூடாது. கூண்டு இல்லாத லேபில் ஸ்ப்ரே வேண்டாம் என்று நிர்வாகத்திடம் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

அந்த நிறுத்தம் எதற்கு? கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 75-க்கு 25 மில்லிமீட்டர் அளவுள்ள மைக்ராஸ்கோப் சில்லின் எடை சுமார் 6 கிராம். அதன் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 6 ஜூல் போதும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2,260 ஜூல் வேண்டும், அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குப் போக இன்னும் கொஞ்சம். தெளித்த ஒரு மில்லி தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு ஆவியாவதற்கான சூட்டை அந்தச் சில்லிடமிருந்தே எடுத்துக்கொண்டாலும், கீழிருந்து உடனே சூடு வந்து சேராவிட்டால், கண்ணாடி சுமார் 40 டிகிரி இறங்கிவிடும். தகட்டுக்குள் இருக்கும் தெர்மோகப்பிளுக்கு இது எதுவும் தெரியாது, கன்ட்ரோலரில் 450 அசையாமல் நிற்கும். மெத்தனால் ஆவியாவதற்குத் தண்ணீருக்கு வேண்டிய சூட்டில் பாதிதான் ஆகும். அதனால்தான் கரைசலில் மெத்தனால் அதிகம், தண்ணீர் குறைவு. இதைக் கணக்காகச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் சார். “நிறுத்தம் சும்மா ரெஸ்ட் இல்ல தம்பி. அந்த நேரத்துலதான் கண்ணாடி பழைய சூட்டுக்கு வருது” என்பார். தெளிப்பு நேரம், நிறுத்த நேரம் இரண்டையும் எழுதாத கட்டுரையை அவர் பாதிக் கட்டுரை என்றே சொல்வார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சொட்டு மேலிருந்து கண்ணாடிக்கு வரும் வழியில் என்ன ஆகும் என்பதை வீகியேவும் ஸ்பிட்ஸும் 1975இல் நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். சூடு குறைவென்றால் சொட்டு ஈரமாகவே வந்து விழுந்து, கண்ணாடி மேல் சிதைந்து, வட்ட வட்டமாகக் கறை விடும். கொஞ்சம் கூடினால் கரைப்பான் வழியிலேயே ஆவியாகி, உப்பு மட்டும் காய்ந்த நிலையில் வந்து சேரும். இன்னும் கூடினால் உப்பும் கண்ணாடியின் அருகே வரும்போது ஆவியாகி, அந்த ஆவி கண்ணாடி முகத்தில் வினைபுரிந்து படலமாகும். நமக்கு வேண்டியது இது. அதற்கும் மேலே போனால் வினை காற்றிலேயே முடிந்து, வெள்ளை மாவுதான் கண்ணாடி மேல் உதிரும். முதலில் சொன்ன மாணவரின் மாவு இப்படியும் வந்திருக்கலாம், சூடு போதாமலும் வந்திருக்கலாம். பார்த்தவுடன் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். நான் பார்ப்பது ஓரத்தை. தகட்டின் ஓரம் எப்போதும் நடுவைவிடச் சூடு குறைவு. ஓரத்தில் வைத்த சில்லில் படலம் தெளிவாகவும், நடுவில் மாவாகவும் இருந்தால் சூடு அதிகம். நடுவில் தெளிவு, ஓரத்தில் கறை என்றால் குறைவு.

எங்கள் தெருவுக்கு முன்பெல்லாம் ஈயம் பூசுகிறவர் வருவார். பித்தளைப் பாத்திரத்தைக் கரியடுப்பில் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை வைத்துத் துணியால் ஒரு சுழற்று சுழற்றுவார். சூடு போதாவிட்டால் ஈயம் ஒட்டாமல் உருண்டையாக நிற்கும், கூடினால் கருத்துவிடும். அவர் கையில் தெர்மோமீட்டர் கிடையாது. நவச்சாரப் புகை எழும் வேகத்தையும், ஈயம் பரவும் பளபளப்பையும் பார்த்தே பாத்திரத்தைத் தூக்குவார். எங்கள் லேபிலும் அதே வெள்ளீயம், அதே குளோரைடு, அதே வெள்ளைப் புகைதான். அவர் பார்த்த மாதிரியே பொருளைப் பார்க்க வேண்டும், கருவியின் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

2012இல் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டு பலருக்கும் நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. ஹீட்டரோ கிலோவாட் கணக்கில் இழுக்கும், இன்வெர்ட்டர் தாங்காது. லேப் உதவியாளர் அண்ணன் வாசலில் வந்து நின்று, “தம்பி, பத்து மணிக்குப் போயிடும். ஆரம்பிக்காதீங்க” என்பார். அந்தக் காலத்தில்தான் மெல்லிய தகட்டை விட்டுவிட்டு, ஆத்தூரில் ஒரு பட்டறையில் சொல்லி, கனமான எவர்சில்வர் கட்டி ஒன்றைக் கடைந்து வாங்கினோம். சூடேற நேரம் பிடித்தது, ஆனால் சூட்டை விடவும் நேரம் பிடித்தது. கரண்ட் போன பிறகும் கையில் இருக்கும் தெளிப்பை முடித்துவிட முடிந்தது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று தானாக வந்து சேர்ந்தது. தெளிக்கும்போது கண்ணாடியின் சூடு முன்பு போல இறங்கவில்லை. மெல்லிய தகட்டில் ஒரே நாளில் போட்ட சில்லுகள்கூட ஒன்றுக்கொன்று வேறு மின்தடை காட்டும். கட்டிக்கு மாறிய பிறகு அவை ஒன்றையொன்று நெருங்கி வந்தன. சில ஆய்வகங்களில் உருகிய வெள்ளீயத் தொட்டியின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டே தெளிப்பார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், கண்ணாடியின் அடிமுகம் முழுவதையும் இடைவெளி இல்லாமல் தொடும். சூடு சீராகப் போக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படலம் வளர்கிறதை நிறத்தில் பார்க்கலாம். இந்த வேலையில் எனக்கு இன்றும் அலுக்காத பகுதி இது. முதல் சில தெளிப்புகளில் கண்ணாடியில் ஒன்றுமே தெரியாது. பிறகு சாய்த்துப் பார்த்தால் வெள்ளி மாதிரி லேசான மினுமினுப்பு. 100 நானோமீட்டரை நெருங்கும்போது பொன்மஞ்சள். 140 வாக்கில் கத்தரிப்பூ நிறம், அடுத்து நீலம், பிறகு பச்சை. அதற்கும் மேலே போனால் இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறி வரும். படலத்தின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிமுகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் கூடியும் கழிந்தும் காட்டும் நிறங்கள் இவை. படலத்துக்கென்று சொந்த நிறம் கிடையாது. சில்லின் ஒரு மூலை பச்சையாகவும் எதிர் மூலை இளஞ்சிவப்பாகவும் இருந்தால் தெளிப்பு நேராக விழவில்லை, அல்லது நாசிலின் ஓட்டையில் உப்பு படிந்திருக்கிறது என்று அர்த்தம். நிறம் பார்க்கப் பழகிய கண், தடிமன் அளக்கும் கருவி வரிசையில் நமக்கு முறை வருவதற்கு முன்பே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். மாணவர்களைக் கருவிக்கு அனுப்புவதற்கு முன் ஜன்னல் பக்கம் போய் நின்று சில்லைச் சாய்த்துப் பார்க்கச் சொல்வேன்.

தடிமனோடு மின்தடையும் இறங்கும். நாங்கள் சொல்வது ஷீட் ரெசிஸ்டன்ஸ், அதாவது ஒரு சதுரத் துண்டின் எதிரெதிர் ஓரங்களுக்கு இடையே உள்ள தடை. சதுரம் சின்னதோ பெரியதோ விடை ஒன்றுதான். நீளம் இரண்டு மடங்கானால் தடை இரட்டிக்கும், அகலமும் இரண்டு மடங்கானால் பாதியாகிவிடும். 500 நானோமீட்டர் தடிமனும், 0.0005 ஓம்-சென்டிமீட்டர் தன்தடையும் உள்ள படலத்துக்கு இது 10 ஓம். நல்ல ஃப்ளூரின் - வெள்ளீய ஆக்சைடுப் படலம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கும். மேலும் மேலும் தெளித்துத் தடையைக் குறைக்கலாமே என்றால், ஒளி அடிபடும். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க ஹாக்கே 1976இல் ஓர் அளவுகோல் கொடுத்தார். ஒளி ஊடுருவும் விகிதத்தைப் பத்தாவது அடுக்குக்கு உயர்த்தி, ஷீட் ரெசிஸ்டன்ஸால் வகுக்க வேண்டும். பத்தாவது அடுக்கு என்பதால் ஒளியில் கொஞ்சம் இழந்தாலும் அடி பலமாக விழும். 80 சதவீதம் ஒளி விடும் 10 ஓம் படலமும், 85 சதவீதம் விடும் 18 ஓம் படலமும் அந்தத் தராசில் ஏறக்குறைய சமம். தடையைக் குறைத்தேன் என்று சந்தோஷமாக வரும் மாணவரிடம் முதலில் ஒளியின் சதவீதத்தைக் கேட்பது இதனால்தான்.

ஃப்ளூரின் அளவைப் பற்றிக் கட்டுரைகள் ஏராளம், ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சேர்த்தால் தடை வேகமாக இறங்கும், ஓர் இடத்தில் நிற்கும், அதற்கு மேல் சேர்த்தால் மறுபடி ஏறும். இடம் கிடைக்காத ஃப்ளூரின் எலக்ட்ரானின் வழியில் குறுக்கே நிற்பதால் வரும் ஏற்றம் அது. கரைசலில் போட்ட ஃப்ளூரினில் சிறு பங்குதான் படலத்துக்குள் போகும். எவ்வளவு போகும் என்பதையும் கண்ணாடியின் சூடுதான் முடிவு செய்கிறது. ஆகவே ‘சரியான ஃப்ளூரின் அளவு’ என்று ஒரு கட்டுரை சொல்லும் எண், அந்த லேபின் அந்தச் சூட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். எக்ஸ்ரே படத்திலும் இதே கதைதான். 26.6 டிகிரிக் கோணத்தில் வரும் 110 தளத்தின் கோடும், 37.9 டிகிரியில் வரும் 200 தளத்தின் கோடும் சூட்டுக்கும் கரைசலுக்கும் தகுந்தபடி ஒன்றையொன்று முந்தும். படிகங்கள் எந்தப் பக்கம் முகம் வைத்து வளர்ந்தன என்பது அதில் பதிவாகியிருக்கும்.

யாரும் அதிகம் பேசாத விஷயம் கண்ணாடி. இன்று ஜன்னல்களுக்கு வரும் கண்ணாடி பெரும்பாலும் ஃப்ளோட் கண்ணாடி. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் ஆலை 2000ஆம் ஆண்டு முதல் இதைச் செய்கிறது. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக இழுப்பார்கள். அதனால் ஒரு முகத்தில் கொஞ்சம் வெள்ளீயம் ஏறியிருக்கும், மறுமுகத்தில் இருக்காது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கை இருட்டறையில் காட்டினால், வெள்ளீயம் தொட்ட முகம் பால் மாதிரி மங்கலாக ஒளிரும். எந்த முகத்தில் தெளித்தோம் என்று குறித்து வைக்காவிட்டால், நாளைக்கு வரும் வித்தியாசத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதுதான். இன்னொன்று சோடியம். சாதாரணக் கண்ணாடியில் சோடியம் நிறைய உண்டு. 500 டிகிரிப் பக்கம் போகும்போது அது மெல்ல மேலே ஏறி வரும். தெளிப்பிலிருந்து வரும் அமில ஆவியோடு சேர்ந்து சமையல் உப்பாகவே படலத்துக்குள் உட்காரும். பிறகு தண்ணீரில் கழுவும்போது அது கரைந்து ஊசித்துளைகளை விட்டுச் செல்லும். சூடு கூடினால் படிகம் பெரிதாகும், எலக்ட்ரான் சுலபமாக ஓடும் என்று பாடத்தில் படிக்கிறோம். அது சரிதான். ஆனால் அதே சூடு கண்ணாடியிலிருந்து சோடியத்தையும் எழுப்பிவிடும் என்பதைப் பாடத்தில் சேர்ப்பதில்லை. ஆலைகளில் இதற்காகவே முதலில் சிலிக்கா மாதிரி ஒரு தடுப்புப் படலத்தைப் போட்டு, அதன் மேல்தான் வெள்ளீய ஆக்சைடைப் போடுகிறார்கள். லேபில் சோடியம் குறைந்த போரோசிலிகேட் கண்ணாடி ஒன்றிரண்டையும் பக்கத்திலேயே வைத்துத் தெளித்துவிட்டால் குற்றவாளி யார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

காற்றையும் சொல்ல வேண்டும். கம்ப்ரஸர் அனுப்பும் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்து வரும். வடிகட்டி இல்லாவிட்டால் படலத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் காற்று காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காற்று. குளோரைடு ஆக்சைடாக மாறத் தண்ணீரும் வேண்டும் என்பதால், காற்றின் ஈரம் மாறினால் வினையும் கொஞ்சம் மாறும். அறையின் ஈரப்பதத்தைத் தினமும் குறித்து வைக்கும் பழக்கத்தை நான் மாணவர்களிடம் கட்டாயமாக்கியிருக்கிறேன். மலிவான கருவி ஒன்று சுவரில் தொங்கினால் போதும்.

வெற்றிட முறை, அதாவது ஸ்பட்டரிங்கில் வேலை செய்யவும் எனக்குச் சில காலம் வாய்ப்புக் கிடைத்தது. அலுமினியம் கலந்த துத்தநாக ஆக்சைடு. அங்கே சூட்டோடு போட்டி போடுவது ஆக்சிஜன். ஆர்கானோடு துளி ஆக்சிஜன் கூடினாலும் படலம் பளிங்காக வரும், மின்சாரம் மட்டும் ஓடாது. குறைந்தால் மின்சாரம் ஓடும், படலம் கருக்கும். அங்கும் எழுதப்படாத நிபந்தனை ஒன்று உண்டு. டார்கெட்டில், அதாவது படலத்துக்கான பொருளைக் கொடுக்கும் தகட்டில், வளையமாகத் தேய்ந்த பள்ளத்துக்கு நேர் எதிரே வைத்த சாம்பிள், தள்ளி வைத்ததைவிட மோசமாக வரும். டார்கெட்டிலிருந்து கிளம்பும் எதிர்மின் ஆக்சிஜன் அயனிகள் நூற்றுக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு நேராக வந்து, வளரும் படலத்தை அடித்துக் குலைத்துவிடுவதே காரணம். ‘டார்கெட்டுக்கும் சாம்பிளுக்கும் 6 சென்டிமீட்டர்’ என்று எழுதினால் போதாது. நேர் கீழேயா, பக்கவாட்டிலா என்பதையும் எழுத வேண்டும். இதுவும் பழைய 450 கதைதான்.

செல்போன் திரையில் இருப்பது இண்டியம் - வெள்ளீய ஆக்சைடு. கடத்துவதில் அதை மிஞ்ச முடியாது, தன்தடை 0.0001, 0.0002 என்று இறங்கும். ஆனால் இண்டியம் துத்தநாகத் தாதுவோடு கொஞ்சமாகக் கிடைக்கும் உபபொருள். காற்றில் 300 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அதன் கடத்தும் திறன் குறையத் தொடங்கும். ஃப்ளூரின் - வெள்ளீய ஆக்சைடு அந்தச் சூட்டையெல்லாம் தாங்கும், அமிலத்துக்கும் அசையாது. சாயம் ஏற்றிய சூரிய மின்கலத்தில் டைட்டானியம் ஆக்சைடை 450 டிகிரியில் சுட வேண்டியிருப்பதால் எல்லோரும் இதைத்தான் தேடுகிறார்கள். வயல் மோட்டாருக்குப் போடும் சாதாரண சிலிக்கான் பேனலுக்கு இந்தப் பூச்சு தேவையில்லை, அதில் வெள்ளிக் கோடுகளே வேலையைச் செய்துவிடும். காட்மியம் டெல்லூரைடு பேனலுக்கோ இது இல்லாமல் ஆகாது. 2024 ஜனவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் திறந்த 3.3 கிகாவாட் ஆலை அந்த வகைப் பேனலைத்தான் செய்கிறது. வெயில் முதலில் நுழையும் கண்ணாடியில், பின்புறமாக, ஒளியை விட்டு மின்சாரத்தைச் சேர்க்கும் ஆக்சைடுப் பூச்சு இருக்கும். நம் ஊர் லேபுகளில் ஸ்ப்ரே துப்பாக்கியை வைத்துக்கொண்டு படித்த பிள்ளைகளுக்குச் சம்பந்தமில்லாத உலகம் இல்லை அது. அவர்கள் சில்லைச் சாய்த்து நிறம் பார்த்துக் கற்றது அங்கேயும் செல்லும்.

நல்ல கருவி இல்லை என்று சிறிய ஊர்க் கல்லூரி மாணவர்கள் மனம் தளர்வதைப் பார்க்கிறேன். என் முடிவு வேறு. ஸ்ப்ரே முறையில் நல்ல படலம் வராமல் போவதற்குக் காரணம் கருவி விலை குறைவாக இருப்பதில்லை. நிபந்தனைகளில் பாதியை யாரும் கவனிக்காமல், எழுதாமல் விடுவதுதான். அதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. ஆகவே இந்தத் துறையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு தெர்மோகப்பிளைக் கண்ணாடியின் மேல்முகத்திலேயே ஒட்டி, தெளிக்கும்போது சூடு எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தத்தில் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று ஒரு முறையாவது அளந்து வரைபடமாகப் போடுங்கள். கண்ணாடி எந்த வகை, எந்த முகம், சில்லு தகட்டின் நடுவிலா ஓரத்திலா, நாசில் கடைசியாகக் கழுவியது எப்போது, அன்றைய ஈரப்பதம் என்ன என்பதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். வெளுத்துப்போன சில்லுகளைத் தூக்கி எறியாமல் தேதி ஒட்டி வையுங்கள். வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: எந்தச் சூட்டில் படலம் வரவில்லை என்பதையும் ஆய்வேட்டில் அச்சிட அனுமதியுங்கள். கட்டுரையில் இடமில்லை என்றால் பின்னிணைப்பிலாவது போடுங்கள்.